அப்பா படிக்காத கட்டுரைகள்

அத்தியாயம் 19

போன வாரம் கமாவை அலுவலக மாடிப்படியில், கையில் ஒரு கடிதத்தோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஏழு நாளும் அங்கேயே நின்றிருப்பாள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு நிற்கத் தெரியாது. அழுகை வந்தாலும் நடந்துகொண்டேதான் அழுவாள்.

கமா என்பது அப்பா வைத்த பெயர். சின்ன வயதில் பேச ஆரம்பித்தால் முடிக்கவே மாட்டாளாம். தம்பி நேர்மாறு, கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதனால் அவன் புள்ளி. பேராசிரியர் வீடு அல்லவா, பிள்ளைகளுக்குச் செல்லப்பெயர் வைப்பதில்கூட அச்சுப்பிழை திருத்துகிறவரின் புத்திதான் இருந்தது. இப்போது கமாவுக்கு நாற்பத்தாறு வயது. குழந்தை மருத்துவத்துக்கான ஓர் ஆய்விதழில் நிர்வாக ஆசிரியர்.

வருகிற கட்டுரைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு நிபுணர்களுக்கு அனுப்பி, 'இதை அச்சிடலாமா?' என்று மதிப்பாய்வு எழுதி வாங்கி, முதன்மை ஆசிரியரின் மேஜையில் வைப்பது அவள் வேலை. நிபுணர் யார் என்று கட்டுரை எழுதியவருக்குத் தெரியக் கூடாது. இருவருக்கும் உறவோ பகையோ இருக்கக் கூடாது. தனக்கு வந்த கட்டுரையை நிபுணர் இன்னொருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லக் கூடாது. இந்த விதிகளையெல்லாம் தட்டச்சு செய்து, சட்டம் போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டியவள் கமாவேதான். ஆணி அடித்தபோது விரலில் அடி பட்டதும் அவளுக்குத்தான்.

கடிதம் எழுதியவர் எங்கோ ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் செவிலியர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதழில் வந்த ஒரு கட்டுரையின் மூன்றாம் அட்டவணையைப் பெரிதாக நகலெடுத்து அந்த வார்டின் சுவரில் ஒட்டியிருந்தார்களாம். எடை குறைந்த குழந்தைக்கு எவ்வளவு ஊசி மருந்து என்று சொல்கிற அட்டவணை. கடைசி வரிசையில், ஒரு நாள் முழுவதற்கும் ஆன அளவு, ஒரு வேளைக்கான கட்டத்தில் அச்சாகியிருந்தது. அளவு மீறினால் காதைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்த மருந்து அது. நாலு மாதக் குழந்தை ஒன்றுக்கு, மூன்று வேளையும், ஐந்து நாள் கொடுத்திருக்கிறார்கள்.

'ஊசி போட்டது நான்தான்,' என்று கடிதத்தை முடித்திருந்தார் அந்தச் செவிலியர். கையெழுத்துக்கு மேல் வணக்கமோ நன்றியோ எதுவும் இல்லை.

இனி இந்த வாரம்.

முதன்மை ஆசிரியர் நல்ல மனிதர். அப்பாவிடம் படித்தவர். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அன்று மாலை ஐந்து மணிக்குள், இப்படிப்பட்ட தவறுகளை விசாரிக்கிற நெறிமுறைக் குழுவுக்கு விளக்கம் போக வேண்டும் என்றார். கட்டுரை எழுதியவர்களுக்குத் தகவல் போய்விட்டது. முதல் மதிப்பாய்வாளர், 'இந்த மருந்தில் எனக்குப் பழக்கம் போதாது, அட்டவணைகளை மற்றவர் பார்க்கட்டும்' என்று அப்போதே ஒதுங்கிக்கொண்டவர். மிச்சம் இருப்பது இரண்டாமவர்.

"அது உங்க அப்பாதானே," என்றார். "வேற யாராவது இருந்தா முறைப்படி எழுதிக் கேட்டு, ஒரு வாரம் காத்திருக்கணும். நீயே வீட்டுக்குப் போய் ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வந்துடுமா. சார் கண்ணுல இது தப்பியிருக்காது. அச்சுலதான் எங்கேயோ கோளாறு."

கமா தலையாட்டினாள். நம் வாசகர்களுக்குத் தெரிந்தது ஒன்று அவருக்குத் தெரியாது. அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி என்றுதான் பதில். போன வருஷம் 'சிறந்த மதிப்பாய்வாளர்' சான்றிதழைக் கொடுத்தபோதும், மேடையேறி வாங்கிக்கொண்ட கமா அதே முழங்காலைத்தான் காட்டித் தப்பித்தாள்.

தெரிந்தும் ஏன் அவருக்குக் கட்டுரைகளை அனுப்பினாள்? மூளைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். பழகிய படிப்புதான் கடைசியில் போகும் என்றும் சொன்னார். அம்மாவோ, காலையில் ஒரு மணி நேரம் அப்பா தெளிவாக இருக்கிறார், அப்போது அவர் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொள்வதாகச் சொன்னாள். ஊரின் மறுகோடியில் இருக்கிற கமா பெற்றோர் வீட்டுக்குப் போவது மாலை நேரத்தில்தான். மாலையில் அப்பாவுக்கு மகளின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் மறுநாள் அவருடைய மதிப்பாய்வு வரும், பதினான்கு குறிப்புகளோடு, ஒவ்வொன்றும் ஊசி முனை மாதிரி. அதைப் படிக்கும்போதெல்லாம், அப்பா உள்ளே எங்கேயோ பத்திரமாக இருக்கிறார் என்று கமா நினைத்துக்கொள்வாள். நாலு வருஷம் அவளைத் தூங்கவைத்தது அந்த நினைப்புதான்.

பழைய கோப்பைத் திறந்தாள். இரண்டு பக்க மதிப்பாய்வு. பதினோராவது குறிப்பு ஒரே வரி. 'மூன்றாம் அட்டவணை சரியாக இருக்கிறது.'

கீழே, அது வந்து சேர்ந்த தேதியும் நேரமும். செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள். அன்று காலை ஒன்பதரைக்கு அப்பா காணாமல் போனார். தெருத் தெருவாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடி, மாலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவரைக் கண்டுபிடித்தாள். உங்கள் பெயர் என்ன என்று காவலர் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

பதினொன்று பத்துக்கு அப்பா வீட்டிலேயே இல்லை.

கமா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காலை வேளையில், வேலை நாளில் அவள் அந்த வீட்டுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. தன்னிடம் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தாள். மூன்றாம் மாடி, இரண்டு அறை வீடு. கூடத்தில் மின்விசிறிச் சத்தம், அதற்கு மேல் அம்மாவின் குரல்.

அம்மா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினி மேஜையில் இருந்தது. பக்கத்தில் நீல அட்டை நோட்டு. எதிரே சாய்வு நாற்காலியில் அப்பா, சுத்தமாகச் சவரம் செய்து, பொத்தான் ஒன்றுகூடத் தப்பாமல் போட்ட சட்டையோடு. ஒரு பத்தி வாசிப்பாள். நிறுத்தி அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம் பொறுத்துவிட்டு, அம்மா நோட்டில் எதையோ எழுதுவாள். பிறகு அடுத்த பத்தி.

மூன்று பத்தி அப்படிப் போனது. கமா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் நிற்பதை அம்மா கவனித்தபோது, மடிக்கணினியை மூடவோ நோட்டை மறைக்கவோ செய்யவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள்.

கமா செவிலியரின் கடிதத்தை நீட்டினாள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் விரலை வரிக்கு அடியில் வைத்து, கடைசி வரை படித்தாள். படித்து முடித்ததும் எழுந்து போய், ஜன்னலோரம் வெயிலில் இருந்த அப்பாவின் கால்களை நிழலுக்கு நகர்த்தினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு காதுமா?"

"ரெண்டும்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கமா எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. கேட்டால் கத்திவிடுவோம் என்ற பயமும் இருந்தது.

"அவர் சொல்லச் சொல்ல எழுதறேன்னு உன்கிட்ட சொன்னேன்ல. முதல் ஆறு மாசம் அது நிஜம்," என்றாள் அம்மா. "அப்புறம் அரை அரை வாக்கியமா வந்தது. மீதியை நான் முடிச்சேன். அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. முப்பது வருஷமா அவர் சொல்ல நான் டைப் அடிச்சிருக்கேன். எந்த இடத்துல நிறுத்துவார், எங்கே முகத்தைச் சுளிப்பார்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அம்மாவும் மருந்தியல் படித்தவள். அப்பாவுக்கு ஒரு வகுப்பு கீழே. கமா பிறந்ததும் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவள், அதைப் பற்றி ஒரு நாளும் மூக்கால் அழுததில்லை. அப்பாவின் பெயரில் போன நாற்பத்தொரு மதிப்பாய்வுகளை எழுதியது அவள். சான்றிதழ் அவளுடையது. தினமும் அதைத் துணியால் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தவளும் அவளே. கமாவுக்கு ஒரு கணம், வெட்கக்கேடாக, பெருமைகூட வந்தது. அடுத்த கணம் அந்தக் குழந்தையின் நினைப்பு வந்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

"எனக்குப் பிடிச்சிருந்தது, கமா," என்றாள் அம்மா. "அதையும் சொல்லிடறேன். குளிப்பாட்டி, ஊட்டி, துடைச்சு, அதுக்கு நடுவுல அந்த ரெண்டு மணி நேரம் யாரோ என்னை ஒண்ணு கேக்கறாங்க, நான் பதில் சொல்றேன்னு இருந்தது."

"அட்டவணையை எப்படிம்மா விட்டே? உன் கண்ணுக்கா தெரியலை?"

அம்மா நீல நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினாள். பத்துக் குறிப்புகள் ஒழுங்காக இருந்தன. பதினோராவதில், 'அட்டவணை 3, கடைசி வரிசை: ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா? கேட்கவும்' என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு இழுத்து அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே வேறு மையில்: 'சரி.'

கமா தரையிலேயே உட்கார்ந்தாள். தெரியாமல் விட்டிருந்தால்கூட ஏதோ ஒரு மூலையில் மன்னிப்பு இருந்திருக்கும்.

"திங்கட்கிழமை சாயங்காலம்," என்றாள் அம்மா. "மூணு வாரமா அவர் வாயே திறக்கலை. நான் இந்த இடத்தை வாசிச்சிட்டு, இது இடிக்குதேன்னு சத்தமா சொன்னேன். பழக்க தோஷம். அவர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்து, 'சரியா இருக்கு'ன்னார். கிளாஸ்ல பேசற குரல், கமா. அதே குரல். அவர் சொன்ன பிறகு நான் எப்படி?"

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. கணவர் திரும்பி வந்துவிட்டார் என்று நம்பிய பெண் அந்தக் கோட்டை இழுத்திருக்கிறாள். மறுநாள் காலை, இனி பயமில்லை என்று வாசற்கதவைத் தாழ் போடாமல் குளிக்கப் போயிருக்கிறாள். அவர் இறங்கிப் போய்விட்டார். வீட்டிலேயே இரு, அப்பா வந்தால் கூப்பிடு என்று தொலைபேசியில் கமா சொன்னதைக் கேட்டு, ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் மதிப்பாய்வு போயாக வேண்டும். அவர் திரும்பி வந்து, அனுப்பினாயா என்று கேட்டால்? அனுப்பிவிட்டாள்.

"அவர் இப்ப எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்றார்மா," என்றாள் கமா. "சாப்பாட்டுக்கும் அதான், மழைக்கும் அதான். நேத்து என் செருப்பைப் பார்த்துச் சொன்னார்."

"அது எனக்கு அப்ப தெரியாதே. அதுதான் முதல் தடவை."

பகல் பன்னிரண்டு மணிக்கு, மாடிப்படியில் நின்று கமா தம்பிக்குப் பேசினாள். புள்ளி வெளியூரில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் அவனுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் இருப்பதை நாம் மூன்று வாரமாகக் கேட்டு அலுத்துவிட்டோம். அப்பா எழுதிய ஒரு மதிப்பாய்வைப் பற்றி விசாரணை வந்திருக்கிறது, அட்டவணையில் ஒரு தவறு, ஒரு குழந்தைக்குக் காது போய்விட்டது என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்ல இன்னும் நாக்கு எழவில்லை.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா, அம்மாவை ஒண்ணும் கேக்காதே," என்றான் புள்ளி.

அதற்குப் பிறகு, வாழ்நாளிலேயே முதல் தடவையாக, அவன் நிறுத்தாமல் பேசினான். வயதானவர், கண் தப்பிவிட்டது என்று எழுது. அட்டவணைக்குத் திருத்தம் போட்டால் போதும். கவனக்குறைவுக்கு யாரும் யாரையும் தூக்கில் போடுவதில்லை. அப்பாவின் நாற்பது வருஷப் பெயரை உன் கையால் குப்பையில் போடாதே. உன் வேலையையும் நினைத்துப் பார். அந்தக் குழந்தைக்கு இதனால் காது திரும்பி வந்துவிடுமா?

கடைசியாகச் சொன்னது அவளைக் குத்தியது. வராது. என்ன செய்தாலும் வராது. ஆனால் நாற்பத்தொன்றில் இருபத்தாறு கட்டுரைகள் அச்சாகியிருந்தன. அவை எந்த ஊரின் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? இன்னும் எத்தனை பக்கங்களில் அம்மா தன் கேள்வியைத் தானே அடித்திருக்கிறாளோ, அதுவும் தெரியாது. நோட்டை உட்கார்ந்து புரட்டிப் பார்க்கிற தைரியம் கமாவுக்கு அன்று இல்லை. அது குழுவின் வேலை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பேச்சை முடித்து மாடியேறும்போது அவளுக்கு ஏதோ நெருடியது. தம்பி சொன்னதில் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. எது என்று பிடிபடுவதற்குள், அப்பா உடையை நனைத்துவிட்டார் என்று அம்மா கூப்பிட்டாள். இருவருமாக உடை மாற்றினார்கள். அப்பா சின்னக் குழந்தையைப்போல் கையைத் தூக்கிக் கொடுத்தார்.

மூன்று மணிக்குக் கமா சாப்பாட்டு மேஜையில் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

வாழ்க்கையில் ஆயிரம் கடிதம் எழுதியிருப்பாள். 'தங்கள் கட்டுரையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்பதைத் தூக்கத்தில்கூட எழுதுவாள். இதில் முதல் வரிக்கு அரை மணி நேரம் ஆனது. இரண்டாவது மதிப்பாய்வாளர் நாலு வருஷமாக நினைவிழப்பால் பாதிக்கப்பட்டவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவருக்குக் கட்டுரைகளை அனுப்பினேன். அவர் என் தந்தை. அலுவலகத்தில் அவர் நிலையை மறைத்தேன். மதிப்பாய்வுகளை எழுதியவர் என் தாய். மூன்றாம் அட்டவணையில் அவருக்குச் சந்தேகம் எழுந்தது, அதைக் கைவிட்டார்.

யார் மேலும் பழி போடவில்லை. தன்னையும் விடவில்லை. எழுத எழுத, நாலு வருஷம் தன்னைத் தூங்கவைத்தது ஒரு பொய் என்பது வரிக்கு வரி உறைத்தது. ஊசி முனைக் குறிப்புகள் ஒன்றுகூட அப்பாவுடையது இல்லை. அவர் அப்போதே போய்விட்டிருந்தார். தனக்கு மட்டும் தகவல் இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தபோதுதான் முதல் தடவையாக அழுதாள். எழுதிக்கொண்டே அழுதாள்.

அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்கு மேலாகத் திரையைப் படித்தாள்.

"'என் தாய்'னு போட்டா போதாது. என் பேரைப் போடு," என்றாள். "படிச்ச படிப்பையும் போடு. யாருன்னு தெரியாம அவங்க யாரை விசாரிப்பாங்க?"

கமா போட்டாள். முப்பது வருஷத்தில் அந்த இதழுக்குப் போகிற ஒரு தாளில் அம்மாவின் பெயர் வருவது அதுதான் முதல் தடவை.

நாலே முக்காலுக்குக் கடைசிப் பத்திக்கு வந்தாள். இந்த மாதிரிக் கடிதத்தில் குழு முதலில் தேடுகிற வரி எது என்று அவளுக்குத் தெரியும். எழுதினாள்: 'இணைத்துள்ள பட்டியலில் இருக்கும் நாற்பத்தொன்றைத் தவிர, எங்கள் இதழிலோ வேறு இதழ்களிலோ, இந்த முறையில் எழுதப்பட்ட மதிப்பாய்வு எதுவும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்.'

எழுதிவிட்டு நிறுத்தினாள். மறுபடியும் அந்த நெருடல். பகலில் தம்பி சொன்ன வாக்கியம் காதில் ஒலித்தது. அம்மாவை ஒண்ணும் கேக்காதே. விசாரணை அப்பாவைப் பற்றி. அம்மாவின் பேச்சையே அவள் எடுக்கவில்லையே.

"அம்மா," என்று ஆரம்பித்தாள்.

"இரு," என்றாள் அம்மா. அவள் கண் கடிகாரத்தில் இருந்தது. "அவர் பேர் போற லெட்டர். அவர்கிட்ட ஒரு தடவை வாசிச்சுடு. எதையும் வாசிக்காம இந்த வீட்டுலேருந்து அனுப்பினது இல்லை."

பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தாலும், மறுக்கக் கமாவுக்கு மனம் வரவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் எதிரே, காலையில் அம்மா இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். வாசித்தாள். அவள் குரல் அம்மாவின் குரலைப்போலவே இருந்தது. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

கடைசிப் பத்தி வந்தது. 'வேறு இதழ்களிலோ' என்ற இடத்தில் கமாவின் குரல் தானாகவே தயங்கி நின்றது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

அப்பா திரும்பினார். நேராக மகளின் முகத்தைப் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார்.

வகுப்பறைக் குரல். அச்சு அசலாக அதே குரல். அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார் என்று காலையில் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னவள் கமா. ஆனால் அந்தக் கண்கள் ஒரு நொடி அவளை அடையாளம் கண்டுகொண்டதைப்போல் இருந்தன. தான் செய்தது நியாயம், அப்பாவே சொல்லிவிட்டார் என்று உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதியிலேயே பொத்தானை அழுத்தினாள். கடிதம் போய்விட்டது. மணி நாலு ஐம்பத்திரண்டு.

அப்பா மறுபடியும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

கமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் சொல்ல வாயெடுத்தேன்," என்றாள் அம்மா. "அதுக்குள்ள அவர் சொல்லிட்டார்."

நீல நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, கடைசித் தாளைப் பிரித்துக் கொடுத்தாள். அங்கே தனியாக, எண் போடாமல் ஒரு மதிப்பாய்வு இருந்தது. வேறொரு நாட்டு இதழுக்குப் போனது. யாருக்கு யார் அப்பா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டுரையை யாருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம் என்று அந்த இதழ் கேட்டபோது, எழுதியவனே கொடுத்த பெயர் அப்பாவுடையது. கட்டுரைத் தலைப்புக்குக் கீழே, அம்மாவின் குண்டு குண்டான எழுத்தில், 'புள்ளியுடையது' என்று இருந்தது.

"அவன்தான் அனுப்பச் சொன்னான். அவனுக்கு ரெண்டு வருஷமா எல்லாம் தெரியும், கமா. உன்கிட்ட சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டான்."

நேர்காணலுக்கு அவன் முதலாவதாக எடுத்துவைக்கப்போகிற கட்டுரை அது. வீடெல்லாம் கொண்டாடிய கட்டுரை. அது அச்சில் வந்த அன்று தம்பியைக் கூப்பிட்டு, அப்பாவுக்குப் புரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று அழுதவள் கமாதான்.

அவள் பாய்ந்து மடிக்கணினியை இழுத்தாள். அனுப்பியதைத் திரும்ப வாங்க வழியுண்டா என்று தேடினாள். அதற்குள் திரையின் மேல்பக்கத்தில் ஒரு பதில் வந்து நின்றது. முதன்மை ஆசிரியரிடமிருந்து.

'படித்தேன். நெஞ்சு அடைத்துப்போய்விட்டதம்மா. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாய், அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது. உன் உறுதிமொழியில் ஒரு வார்த்தையும் மாற்றாமல் அப்படியே குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.'